கேக் தட்டுக்கும் தகட்டுக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வீட்டிலிருந்தபடியே கேக், பிஸ்கட், பணிஸ் செய்து விற்றுக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களின் தொகை பெருகியிருப்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். மாவின் விலை, சீனியின் விலை, முட்டையின் விலை, காஸின் விலை என்று நாளெல்லாம் பேசும் நாங்கள், அந்த மாவும் முட்டையும் எதன்மேல் வேகின்றனவோ அந்தத் தட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. வட்டக்கச்சியில் கேக் அடித்து விற்பவள் என்ற முறையில், அது பற்றிச் சிலவற்றைத் தங்கள் பத்திரிகை மூலம் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் மீளக்குடியேறிய பின்னர், வாழ்வாதார உதவியாக ஒரு நிறுவனம் எனக்கு ஒரு மின்சார அவணும் நான்கு தட்டுகளும் தந்தது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அவண் இன்றும் வேலை செய்கிறது. தட்டுகளோ முதல் மாதத்திலேயே தம் குணத்தைக் காட்டிவிட்டன. அயலில் நடந்த ஒரு சாமத்திய வீட்டுக்கு 2 கிலோ பட்டர் கேக் கேட்டிருந்தார்கள். 500 கிராம் பட்டர், 500 கிராம் சீனி, 500 கிராம் மா, 10 முட்டை என்ற பழைய கணக்குப்படி அடித்து, தட்டில் ஊற்றி, உள்ளே தள்ளிவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கால் மணித்தியாலம் சென்றிருக்கும், அவணுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியால் எட்டிப் பார்த்தால், தட்டின் ஒரு மூலை மேலே கிளம்பி நிற்கிறது. கலவை முழுவதும் எதிர்ப்பக்கம் சரிந்து கிடக்கிறது. கதவைத் திறந்தால் கேக் அமர்ந்துவிடும் என்ற பயத்தில், கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருந்ததைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. வெந்து வந்த கேக் ஒரு பக்கம் 2 அங்குலம், மறுபக்கம் முக்கால் அங்குலம். மெல்லிய பக்கம் பிஸ்கட் போலக் கடகடத்தது. தடித்த பக்கத்தின் நடுவில் குச்சியை விட்டால் பச்சை மா ஒட்டிக்கொண்டு வந்தது. வாங்க வந்த அக்கா நல்ல மனம் கொண்டவர். "பரவாயில்லைப் பிள்ளை, ஐசிங்கைப் போட்டு மட்டமாக்கலாம்" என்றார். மட்டமாக்கத் தேவைப்பட்ட ஐசிங்கின் செலவு என் தலையில்தான் விழுந்தது.

குறையை முதலில் அவணிலும் பிறகு என் கையிலுமே தேடினேன். மாங்குளத்துக்கு அண்மையில் விறகுப் போறணையில் பாண் போடும் வெதுப்பகம் ஒன்றுக்கு ஒரு நாள் தற்செயலாகப் போனபோதுதான் விடை கிடைத்தது. அங்கே அடுக்கியிருந்த தட்டுகள் கரிக்கட்டையாய்க் கறுத்திருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் தேவைப்பட்டது. நடுவில் பெருவிரலால் அழுத்தினேன், அசையவில்லை. என் வீட்டுத் தட்டுகளோ விரலால் அழுத்தினால் பேணி மூடிபோல் உள்ளே போய் வெளியே வரும். அந்த வெதுப்பகத்து ஐயா சிரித்துவிட்டு, "பிள்ளை, விலையைக் கேட்க முதல் தகட்டைக் கேளும்" என்றார். அன்றிலிருந்து நான் தகட்டைத்தான் கேட்டு வருகிறேன். கடைக்காரர்களில் பலருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருக்கிறது.

தகட்டுக்கும் வேக்காட்டுக்கும் உள்ள தொடர்பு எங்கள் தாய்மாருக்குத் தெரியாததல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், அவண் ஏது, மின்சாரம் ஏது? என் அம்மா பெரிய சட்டியொன்றில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் பால்மாப் பேணியில் ஊற்றிய கலவையை வைத்து, மூடியின்மேல் தணலைக் குவித்துக் கேக் சுடுவார். பேணி மெல்லியதுதான், ஆனால் அடியிலிருந்த மணல், நெருப்பின் சூட்டை ஓரிடத்தில் குத்தவிடாமல் வாங்கிப் பரப்பிக் கொடுத்தது. நல்ல தட்டு ஒன்றின் தடித்த அடித்தகடு செய்வதும் அதே வேலைதான். அவணின் அடியில் கம்பிச்சுருள் ஓடும் இடத்தில் சூடு அதிகம்; இடைவெளியில் குறைவு. மெல்லிய தகடு அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே மேலே அனுப்பிவிடும். கேக்கின் அடியில் சுருளின் வரிகள் கறுப்பாகப் பதிந்திருப்பதைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதில் உலோகத்துக்கும் பங்குண்டு. அலுமினியம், சாதாரண உருக்கைவிட நான்கைந்து மடங்கும், நாங்கள் சில்வர் என்று சொல்லும் கறையில் உருக்கைவிட ஏறத்தாழ 15 மடங்கும் வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. எனவே பளபளக்கும் சில்வர்த் தட்டு, சோறு பரிமாறுவதற்கு எவ்வளவு நல்லதோ, கேக் வேகவைப்பதற்கு அவ்வளவு நல்லதல்ல. சூடு விழுந்த இடத்திலேயே நின்று கருக்கும். கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் பூச்சு எதுவுமில்லாத தடித்த அலுமினியத்தை விட்டால் வேறு தேட வேண்டாம் என்பது என் முடிவு. கடையில் எது என்ன உலோகம் என்று தெரியாமல் நிற்பவர்கள் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோகலாம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. சாதாரண உருக்கில் உடனே ஒட்டும். நல்ல சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாதாகையால், அதை அதன் பாரத்தைக் கொண்டு பிரித்தறிய வேண்டும். என் கைப்பையில் இருக்கும் காந்தம் பழைய சைக்கிள் டைனமோ ஒன்றிலிருந்து கழற்றியது. மின்சாரமில்லாத அந்த நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோமே, அந்த டைனமோதான். இன்று அது பாத்திரக் கடைகளில் உழைக்கிறது.

தடிப்பை அறிவது இதைவிட எளிது. தகட்டு வேலை செய்வோர் தடிப்பைக் கேஜ் இலக்கத்தால் சொல்வார்கள். இலக்கம் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். எங்கள் நாட்டில் பழக்கத்திலுள்ள பிரித்தானியக் கணக்கில் 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர், 20 கேஜ் 0.9 மில்லிமீற்றர், 26 கேஜ் 0.46 மில்லிமீற்றர். 26 என்ற இலக்கத்தைக் கேட்டு, 'கூடினது நல்லதுதானே' என்று வாங்கி வந்த ஒருவரை எனக்குத் தெரியும்; அவர் வேறு யாருமல்லர், நான்தான். கேஜ் எழுதப்படாத தட்டுக்குத் தராசு போதும். 40 சென்ரிமீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் உயரமுள்ள அலுமினியத் தட்டு 1 மில்லிமீற்றர் தடிப்பில் செய்யப்பட்டிருந்தால், விளிம்புச் சுருட்டை விட்டுப் பார்த்தாலும் 500 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். அதே அளவுத் தட்டு 250 கிராம்தான் காட்டினால் தகடு அரை மில்லிமீற்றர். எனக்குக் கிடைத்த தட்டுகளைப் பின்னர் பக்கத்துப் பலசரக்குக் கடையில் நிறுத்துப் பார்த்தேன். 220 கிராம் காட்டியது. கடைகளில் "லேசான சாமான் அக்கா, தூக்க வில்லங்கமில்லை" என்று பாரமின்மையை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். நாங்கள் தட்டை இடுப்பில் சுமந்துகொண்டு திரிவதில்லையே. கேக்கிலும் பிஸ்கட்டிலும் பிழைப்பவர்கள் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை வாங்கக் கூடாது என்பேன்.

அந்த 'டொக்' சத்தத்துக்கு வருகிறேன். சூடேறும்போது எல்லா உலோகமும் விரியும். 40 சென்ரிமீற்றர் நீளமான அலுமினியத் தட்டு, அறைச் சூட்டிலிருந்து 200 பாகை செல்சியசுக்குப் போகும்போது ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக நீளும். தட்டு முழுவதும் ஒன்றாக நீண்டால் ஒன்றும் நடக்காது. குளிர்ந்த கலவை தொடும் நடுப்பகுதி நீளாமல் நிற்க, வெறுமையாக இருக்கும் ஓரம் நீளப் பார்த்தால், மெல்லிய தகடு அந்த இழுபறியைத் தாங்காமல் முறுக்கிக்கொள்கிறது. இதைத் தடுப்பதற்காகவே நல்ல தட்டின் விளிம்பைச் சும்மா மடித்துவிடாமல், உள்ளே ஒரு கம்பியை வைத்துச் சுருட்டியிருப்பார்கள். வாங்கும்போது விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்; உருண்டு திரண்டு இருந்தால் உள்ளே கம்பி உண்டு, தட்டையாகவும் கூராகவும் இருந்தால் இல்லை. பிறகு எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். கடையில் உங்கள் கைக்கே வளைவது அவணுக்குள் நேராக நிற்கப் போவதில்லை. மூலைகளில் தகடு மடிந்து இடுக்கு விட்டிருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது; அந்த இடுக்குக்குள் போன மாவையும் எண்ணெயையும் எந்தத் தும்பாலும் எடுக்க முடியாது.

பாரதூரமான ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மீள்குடியேற்றக் காலத்தில் தற்காலிகக் கொட்டில்களுக்குத் தந்த கூரைத் தகரங்களில் மிஞ்சியவற்றை வெட்டி மடித்துத் தட்டுகளாகச் செய்தவர்கள் எங்கள் பகுதிகளில் உண்டு. இப்போதும் சில வீடுகளில் அவை புழங்குகின்றன. தகரம் என்ற சொல் பழந்தமிழில் வெள்ளீயத்தைக் குறித்தாலும், எங்கள் கூரையில் இருப்பது நாகம், அதாவது துத்தநாகம், பூசிய உருக்கு. புளிப்பான எதுவும் பட்டால் நாகம் கரைந்து உணவில் கலக்கும். வயிற்றுப் பிரட்டலும் வாந்தியும் வரும். தேசிக்காய்ப் புளி பிசறிய கோழியை அதில் வாட்டுவதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. நிறப்பூச்சுள்ள தகரம் அதனிலும் மோசம். பெயின்ற் வந்த வாளிகளும் ரசாயனம் வந்த பரல்களும் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் சமையலுக்கு ஆகாதவை.

அலுமினியத்துக்கும் புளி பகைதான் என்பதால், கோழியையோ இறைச்சியையோ வாட்டுவதற்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. தேசிக்காயும் தயிரும் உள்ளியும் பூசி இராமுழுவதும் ஊறவிட்ட கோழியை அலுமினியத் தட்டில் வைத்தால் தட்டில் குழி விழும், சாற்றில் உலோக வாடை அடிக்கும். இதற்கு எனாமல் பூசிய உருக்குத் தட்டே சிறந்தது. பல அவண்களோடு கூடவே வரும் கறுப்பு நிற ஆழத் தட்டு பெரும்பாலும் அதுதான். அதில் கேக்கை ஊற்றிக் கருக்கிவிட்டு அவணைத் திட்டுபவர்கள், அந்தத் தட்டைக் கோழிக்கு ஒதுக்கிவிட்டால் இரண்டும் சரிவரும். கறுத்த தட்டு சூட்டை அதிகமாக இழுப்பதால் கேக்கின் அடியும் ஓரமும் விரைவில் சிவக்கும். வேறு வழியில்லாமல் அதிலேயே கேக் செய்வோர் சூட்டை 15 பாகை அளவில் குறைத்து வைக்க வேண்டும். வாட்டும் தட்டின் உயரம் 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஆவி உள்ளே நின்று தோல் மொறுமொறுக்காமல் அவிந்துவிடும். உள்ளே வைப்பதற்குக் கால் வைத்த கம்பித் தட்டொன்று இருந்தால் கோழி தன் நெய்யிலேயே கிடந்து பொரியாது. இங்கே தடிப்பு சிக்கனத்தைவிடப் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது. ஒன்றரைக் கிலோ கோழியும் கொதிக்கும் நெய்யுமாக மெல்லிய தட்டைத் தூக்கும்போது நடு வளைந்தால், நெய் போகும் இடம் எங்கள் காலும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையுமே. இரு பக்கமும் துணியோடு சேர்த்துப் பிடிக்க இடம் தரும் கைபிடிகள் உள்ளதையே வாங்க வேண்டும்.

ஒட்டாத பூச்சுள்ள தட்டுகள் பார்வைக்கு ஆசை காட்டுபவை. மெதுவாகப் பாவிக்கும் சிறு குடும்பத்துக்கு அவை பரவாயில்லை. ஆனால் அந்தப் பூச்சு 260 பாகை செல்சியசைத் தாண்டினால் கெடத் தொடங்கும். அளவு கடந்து சூடாகும்போது எழும் புகை, கூட்டில் வளர்க்கும் கிளியைக் கொல்லக்கூடியது. விறகுப் போறணையின் சூடு அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால் அங்கே அவற்றுக்கு இடமே இல்லை. அவணில் சூடு தாண்டாது. அங்கே அவற்றைக் கெடுப்பது எங்கள் கத்தியும் கம்பித் தும்பும். கேக்கைத் தட்டிலேயே வைத்துத் துண்டு போடும் எங்கள் பழக்கத்துக்கு முன்னால் ஒரு வருடம் தாக்குப்பிடித்த பூச்சை நான் கண்டதில்லை. பட்டர் தாள் விரித்தால் எந்தத் தட்டிலும் கேக் ஒட்டாது. ரிச் கேக்கும் லவ் கேக்கும் செய்வோர், தாளுக்கு அடியில் பல மடிப்புப் பழைய பத்திரிகை விரித்து மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் வேகவிடுவதும் அம்மாவின் மணல் செய்த வேலைக்காகத்தான். தங்கள் பத்திரிகையும் அந்த வகையில் என் வீட்டில் இரண்டாம் முறை உதவுகிறது.

அளவைப் பற்றி ஒன்று. கடைக்குப் போக முன்னர் அடிமட்டத்தால் அவணின் உள் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, எல்லாப் பக்கமும் 2 முதல் 3 சென்ரிமீற்றர் இடைவெளி நிற்கும் தட்டையே தேர வேண்டும். சுவரோடு முட்டும் தட்டு, கீழ்ச் சூட்டை மேலே வரவிடாமல் மூடிபோல் அடைத்துவிடும். வட்டத் தட்டு வாங்குவோர் 8 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் இரண்டு அங்குலம்தானே வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரியது சிறியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கலவை கொள்ளும்.

நல்ல தட்டையும் எங்கள் கழுவல் கெடுத்துவிடும். பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது மண்சட்டிக்குச் சரி. சாம்பலின் காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சவர் வெள்ளைப் படையாகப் பிடிக்காதிருக்கக் கழுவிய உடனே துடைத்துவிட வேண்டும். பூச்சில்லாத உருக்குத் தட்டானால், முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றும் மாரி ஈரமும் ஒரே வாரத்தில் துருவேற்றிவிடும். அதற்கு மெல்லியதாக நல்லெண்ணெய் பூசி, அவணில் ஒரு மணித்தியாலம் காயவிட்டு எடுக்க வேண்டும். தேங்காயெண்ணெய் இதற்கு உதவாது. அது காய்ந்து படலமாகாமல் எண்ணெயாகவே நிற்கும். மாங்குளத்து ஐயா தன் தட்டுகளைக் கழுவுவதேயில்லை. சூடாக இருக்கும்போதே எண்ணெய்த் துணியால் துடைத்து அடுக்குகிறார். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, பல வருடம் சுட்டுச் சேர்த்த பூச்சு.

தடித்த தட்டு விலை கூடியது என்பதை மறுக்கவில்லை. நான் முதலில் வாங்கிய நல்ல தட்டுக்கு மூன்று மெல்லிய தட்டுகளின் காசு கொடுத்தேன். அது பத்தாவது வருடத்தில் இருக்கிறது. அந்த முதல் நான்கில் ஒன்று ஓட்டையாகிப் போய்விட்டது, மற்ற மூன்றிலும் கோழிக்குஞ்சுகள் தண்ணீர் குடிக்கின்றன. கையில் ஒரேயடியாகக் காசில்லாதவர்கள் ஒரே ஒரு நல்ல தட்டை வாங்கி, அதன்மேல் மலிவானதை வைத்துச் சுட்டாலும் அடி கருகாது. அறிவியல்நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் உலோக வேலை பயிலும் எங்கள் பிள்ளைகள், 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டை வெட்டி மடித்துக் கம்பி வைத்துச் சுருட்டி இத்தகைய தட்டுகளை இங்கேயே செய்யலாம். வீட்டு அவண்களின் அளவுக்கேற்பச் செய்து தந்தால் வாங்குவதற்கு என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

வாழ்வாதாரத் திட்டங்களுக்குப் பொருள் கொள்வனவு செய்யும் அலுவலகங்களும் நிறுவனங்களும் விலைமனு கோரும் விளம்பரங்களைப் பத்திரிகைகளில்தான் வெளியிடுகின்றன. அவற்றில் அவணுக்கு வாற்று, லீற்றர், உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே 'கேக் தட்டு – 4' என்று ஒரு வரி. ஆகக் குறைந்த விலை சொல்பவருக்கே கொள்வனவு போவதால், அந்த ஒரு வரிக்கு ஆக மெல்லிய தகடுதான் வந்து சேரும். அந்த இடத்தில் 'பூச்சற்ற அலுமினியம், தடிப்பு 1 மில்லிமீற்றருக்குக் குறையாதது, விளிம்பு கம்பி வைத்துச் சுருட்டப்பட்டது, வழங்கப்படும் அவணின் உள் அளவைவிட நான்கு பக்கமும் 2 சென்ரிமீற்றர் குறைந்தது' என்று எழுதும்படி சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தட்டுகளைப் பொறுப்பேற்கும் அன்று, பயனாளிகள் முன்னிலையில் ஒன்றையாவது தராசில் வைத்துப் பார்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வீட்டு வெதுப்பாளர் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.